‘வேவ்’ என்னும் சொல்லும் எமது கையும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டி எழுதிய கடிதத்திற் பொருள் இன்னதென வரையறுக்கவில்லை. கல்லூரியின் தோற்றம், அதிபர்மாரின் தொண்டு, துடுப்பாட்ட வெற்றிகள் ஆகியவற்றை எழுதத் தக்கார் பலர் உளர்; அவர்கள் எழுதியும் இருப்பர். நாம் எழுதப் புகுவது ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி. அதுவும் அரிய சொல்லன்று. நாலாம் வகுப்புப் பிள்ளையும் அறிந்த சொல். கையை அசைப்பதற்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘வேவ்’ என்பதே அது. (ஒற்றாடலைக் குறிக்கும் எமது ‘வேவு’க்கும் இதற்கும் யாதோர் உறவும் இல்லை என்பதை, வேர்ச்சொல் ஆராய்ச்சியில் விரைவு மிக்க இளைஞரை முன்னிட்டு, முதலிலேயே கூறிவிடுகின்றோம்.)

எம்மை இச்சொல்லிடம் மீண்டும் இழுத்துச் சென்றது புத்தகமன்று, ஒரு குழந்தை. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நாம் இக்கல்லூரியிற் பயின்ற ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஆங்கிலம் கற்றோர், நீளவாட்டிற் கோடு கிழித்த ஒரு கொப்பி வைத்திருப்போம். இடப்பக்கம் ஆங்கிலச் சொல். வலப்பக்கம் தமிழ்ச் சொல். ‘வேவ்’ என்பதற்கு நேரே ‘அலை, கையசை’ என்று எழுதி மனனஞ் செய்தோம். அக்கொப்பியை மூடியதும் அச்சொல்லை அறிந்துவிட்டோம் என்ற நிறைவும் எமக்கு உண்டாயிற்று. அந்நிறைவு எத்துணைப் பொய் என்பதை எமது வகுப்பிலேயே ஒருவன் வெளிப்படுத்தினான். வறிய குடும்பத்தினன், கெட்டிக்காரன். வசதிக் கட்டணத்தைத் தனக்கு விட்டுக்கொடுக்குமாறு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் வரைந்தான். விட்டுக்கொடுத்தல், தள்ளுபடி செய்தல் என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்குஞ் சொல்லும் ஒலியளவில் ‘வேவ்’ என்பதே. எழுத்தில் மாத்திரம் நடுவில் ஓர் ‘ஐ’ வரும். நண்பன் அந்த ‘ஐ’யை விட்டுவிட்டான். வகுப்பாசிரியர் விண்ணப்பத்தைப் படித்தார், எழுந்தார், அதனைத் தலைக்கு மேலே உயர்த்தி மும்முறை அசைத்தார். “நீ கேட்டபடி உன் கட்டணத்தை அசைத்துவிட்டேன், இனிக் காசாளரிடஞ் சென்று கட்டு” என்றார். வகுப்பு முழுவதுஞ் சிரித்தது. நண்பனுஞ் சிரித்தான். ஆயினும் அன்று மாலை வீடு செல்லும் வழியில் அவன் ஒன்றும் பேசவில்லை என்பது இன்றும் எமது நினைவில் உள்ளது. பிற்பாடு ஆசிரியர் தாமே அவ்விண்ணப்பத்தைத் திருத்தி எழுதி அதிபரிடம் கொடுத்தார் என்றும் கேள்வியுற்றோம்.

அந்நண்பன் செய்த பிழை நகைக்கத் தக்கதன்று. இவ்விரு சொற்களும் பிறப்பால் வேறானவை. கையசைக்கும் ‘வேவ்’ பழைய ஆங்கிலத்துச் சொல். கைகளை ஆட்டுதல் என்பதே அதன் பழம்பொருள். மற்றையது பிரெஞ்சு வழியாகச் சட்டத்தாரின் நாவிற் புகுந்தது. கைவிடுதல் என்பது அதன் பொருள். கைவிடப்பட்ட பொருளையுங் கதியற்ற குழந்தையையுங் குறிக்கும் ‘வேய்ஃப்’ என்னும் ஆங்கிலச் சொல் இதன் உடன்பிறப்பு. ஆயினும் ஒலி ஒன்றாதலின், முற்காலத்து ஆங்கிலேயர் தாமும் ஒன்றற்கு மற்றையதன் எழுத்தை இட்டு எழுதியதுண்டு. ஆங்கிலேயருக்கே வந்த மயக்கம் எமது நண்பனுக்கு வந்ததில் வியப்பென்ன? கொப்பியின் வலப்பக்கத்தில் இருந்த இரண்டு தமிழ்ச் சொற்களும் அவனுக்கு இதில் ஓர் உதவியுஞ் செய்யவில்லை என்பதே எமது குறை.

இனி, அக்கொப்பியில் நாம் எழுதிய ‘அலை’ என்பதைச் சற்று நோக்குவோம். கடல் அலைக்கும் கையசைப்புக்கும் ஆங்கிலர் ஒரே சொல்லை வழங்குவது முதலில் எமக்குப் புதுமையாகத் தோன்றியது. ஆராய்ந்தால் அது தொடக்கத்தில் ஒரு சொல்லாக இருக்கவில்லை. கடல் அலைக்கு இடைக்கால ஆங்கிலத்தில் வேறொரு சொல் வழங்கிற்று. பதினாறாம் நூற்றாண்டிலேயே, கையசைவைக் குறித்த வினைச்சொல் அப்பழஞ்சொல்லைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்தது. முதலில் அசைந்தது கை, பின்னரே கடல். தமிழிலோ ‘அலை’ என்பது பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். கொடி காற்றில் அலையும், மனம் அலையும், வேலை தேடி மனிதன் அலைவான், கடல் கரையை அலைக்கும். ஆங்கிலத்தில் மனம் தடுமாறுவதைக் குறிக்கும் ‘வேவர்’ என்னுஞ் சொல்லும் இவ்வினத்தது. இச்சொல்லில் ஒருவருக்கொருவர் கடன் கொடுக்காத இரு மொழிகள், அசைவைக் கண்டு ஒரே வழியிற் சிந்தித்திருக்கின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழன் கையை ‘அலைத்து’ விடைபெறுவதில்லை. எமது ‘அலை’யிற் சலிப்பும் துன்பமும் கலந்துள்ளன. ‘அலைச்சல்’ என்றால் எவரும் முகஞ் சுளிப்பர். ஆங்கிலத்துச் சொல்லில் அந்தச் சுமை இல்லை.

வானொலி வந்தபொழுது இச்சொல் மேலும் ஒரு கிளை விட்டது. ‘சிற்றலை’, ‘மத்திய அலை’ என்று இலங்கை வானொலி அறிவிப்பாளர் கூறக் கேட்டு வளர்ந்த தலைமுறை எமது. இத்தமிழாக்கங்கள் செவ்விதின் அமைந்தன. அவற்றை ஆக்கியோரை நாம் போற்றுகின்றோம். ஆனால் ‘அனுதாப அலை’, ‘வெப்ப அலை’ எனப் பத்திரிகைகள் எழுதுவதையெல்லாம் அத்துணை மகிழ்ச்சியோடு ஏற்க எம்மால் இயலவில்லை. வெயில் கொளுத்துகின்றது என்றால் எவருக்கும் விளங்கும். அங்கே அலை எதற்கு?

எனினும் இவையெல்லாம் பெயர்ச்சொல்லின் கிளைகள். மாணவர் இடறி வீழும் இடம் வினைச்சொல்லிலேதான் உள்ளது. ஆங்கிலத்தில் ‘வேவ்’ என்பது தனித்து நிற்கையில் ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. கை அசைந்தது என்பது மாத்திரமே அதனாற் பெறப்படும். அதன் பின்னே வரும் சிறிய இடைச்சொல்லே அந்தக் கைக்குப் பொருள் கொடுக்கின்றது. ‘டு’ என்று வந்தால் அறிந்த ஒருவருக்கு முகமன் கூறியவாறாம். ‘அட்’ என்று வந்தால் அவர் இருந்த திசை நோக்கி அசைத்தார் என்பதே முதன்மை. அவர் கண்டாரோ இல்லையோ. (இவ்வேறுபாட்டை இன்று ஆங்கிலேயரும் அத்துணைப் பேணுவதில்லை.) ‘ஒன்’ என்று வந்தால் ‘நில்லாதே, மேலே செல்’. ‘ஓவர்’ என்றால் ‘இங்கே வா’. ‘டவுன்’ என்றால் ஓடும் வண்டியை நிறுத்துதல். ‘அசைட்’ என்றால் ஒருவர் கூறியதைப் பொருட்படுத்தாது ஒதுக்குதல். ‘அவே’ என்றால் ஈயை ஓட்டுவது போல விரட்டுதல். ‘வா’, ‘போ’, ‘நில்’, ‘வாழ்க’, ‘வேண்டாம்’ என்னும் ஐந்தையும் ஒரு கை கூறும். ஒரு சொல் கூறும்.

‘ஒஃப்’ என்னும் இடைச்சொல் சேருங்கால் மயக்கம் இன்னும் மிகும். மகனை விமான நிலையத்திற் பெற்றோர் ‘வேவ் ஒஃப்’ செய்தனர் என்றால், கண்ணீரோடு கையசைத்து வழியனுப்பினர் என்பது பொருள். அவன் அனுப்ப முன்வந்த பணத்தைத் தந்தை ‘வேவ் ஒஃப்’ செய்தார் என்றால், ‘எமக்கு வேண்டாம்’ எனக் கையால் மறுத்தார் என்பது பொருள். விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் இறங்க வரும் விமானிக்கு அமெரிக்கக் கடற்படையினர் இதே சொல்லால் உணர்த்துவது, ‘இறங்காதே, மேலெழுந்து செல்’ என்பதை. ஒன்று அன்பு, ஒன்று மறுப்பு, ஒன்று எச்சரிக்கை. கொப்பியின் வலப்பக்கத்தில் இவை மூன்றுக்கும் ‘கையசை’ என்று எழுதுவது எவ்வாறு?

இதனை எழுதியோரும் உளர். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலச் செய்தியில், எதிர்த்தரப்பினரின் ஆட்சேபங்களை அமைச்சர் ஒருவர் ‘வேவ் அசைட்’ செய்தார் என்றிருந்தது. மறுநாள் தமிழ் நாளேடு ஒன்றில் ‘ஆட்சேபங்களுக்கு அமைச்சர் கையசைத்தார்’ என்று படித்தோம். தமிழ் மட்டும் அறிந்த வாசகர், அமைச்சர் ஆட்சேபங்களை முகமலர்ச்சியோடு வரவேற்றார் என்றே கொண்டிருப்பர். ‘ஆட்சேபங்களைப் புறக்கணித்தார்’ என எழுதியிருந்தாற் போதும். கை அங்கே வேண்டியதே இல்லை. சொல்லுக்குச் சொல் பெயர்க்க முயல்பவர் கையைப் பிடித்துக்கொண்டு கருத்தை விட்டுவிடுகின்றார்.

மறுபுறம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்லும் மாணவர் ‘கைகாட்டு’ என்பதிற் சறுக்குவர். ‘பஸ்ஸுக்குக் கைகாட்டினேன், அது நின்றது’ என்பதை ‘எனது கையைக் காட்டினேன்’ என்று சொல்லுக்குச் சொல் ஆங்கிலப்படுத்திய விடைத்தாள்கள் எத்தனையோ எமது மேசையைக் கடந்து சென்றன. ஆங்கிலத்திற் கையைக் காட்டுதல் என்பது சீட்டாட்டத்திலிருந்து வந்த மரபு; மறைத்து வைத்த எண்ணத்தை வெளியிட்டுவிடுதல் என்று பொருள்படும். பஸ்ஸுக்குத் தன் உட்கருத்தை வெளியிட்ட மாணவனுக்கு நாம் அரைப் புள்ளி கொடுத்தோம். வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லாமையே அதற்குக் காரணம்.

‘கைகாட்டி’ என்றதும் எமக்குப் புகையிரதப் பாதை நினைவுக்கு வருகின்றது. பாதையோரக் கம்பத்திலிருந்து உயர்ந்துந் தாழ்ந்தும் சாரதிக்குக் குறி உணர்த்திய மரக்கையை எம்மவர் ‘கைகாட்டி’ என்றே அழைத்தனர். இரும்பும் மரமும் ஆகிய ஒன்றுக்குக் கை என்று பெயரிட்டோர் கவிஞரே. புகையிரதத்தாரின் உலகில் ‘வேவ்’ என்பதற்கு ஒரு கடுமையான பொருளும் உண்டு. சிவப்புக் கொடி கைவசம் இல்லாதவிடத்து, எந்தப் பொருளையேனும் வேகமாக ஆட்டினால் அது ஆபத்துக் குறி என்பது பிரித்தானியப் புகையிரத விதி. முகமனுக்கு அசைக்கும் கைக்கும் நிறுத்துவதற்கு ஆட்டும் கைக்கும் இடையே அங்கு வேகம் ஒன்றே வேறுபாடு.

இவ்விரண்டையும் ஒரே கதையில் அமைத்த ஓர் ஆங்கில நூல் உண்டு. ஈ. நெஸ்பிற் என்னும் அம்மையார் எழுதி 1906-ல் நூலாக வெளிவந்த ‘புகையிரதப் பிள்ளைகள்’ என்பது அது. தந்தையைப் பிரிந்து நாட்டுப்புறத்தில் வாழும் மூன்று பிள்ளைகள், நாடோறும் காலை 9.15 மணி வண்டிக்குக் கையசைப்பர். வண்டியிற் செல்லும் முதியவர் ஒருவர் பதிலுக்கு அசைப்பார். பின்னொருநாள் மண்சரிவு பாதையை மூட, அதே பிள்ளைகள் சிவப்பு உட்பாவாடைகளைக் கிழித்துக் கொடிகளாக்கி வெறிகொண்டவர் போல ஆட்டி வண்டியை நிறுத்துகின்றனர். ஆங்கிலம் கற்பிக்கும் இளம் ஆசிரியர்க்கு நாம் கூற விரும்புவது இது: ‘வேவ்’ என்னுஞ் சொல்லை அட்டவணையிற் கற்பிக்க வேண்டாம், அந்த நூலின் இவ்விரு இடங்களை வகுப்பிற் படிக்கச் செய்க. மாணவன் அச்சொல்லை மறவான். எமது ஆசிரியர் விண்ணப்பத்தை அசைத்துக் காட்டிய காட்சியை இத்தனை ஆண்டு கழிந்தும் நாம் மறவாதது போல.

யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தைப் பற்றியும் இங்கு ஒரு வார்த்தை. காங்கேசன்துறை வரை பாதை முழுமையுற்றது 1905-ல்; ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியது 1956-ல். எமது மேடையிற் கையசைத்தவர் எத்தனை ஆயிரவர்! கொழும்புக்கு எழுதுவினைஞர் வேலைக்குச் சென்றவர், பல்கலைக்கழகஞ் சென்றவர், பின்னர்க் கொழும்பிலிருந்து கப்பலேறியவர், விமானமேறியவர். எமது பாட்டனார் ஒருபொழுதும் கையசைத்து நாம் கண்டதில்லை. வண்டி மறையும் வரை கைகளைப் பின்னே கட்டியபடி நிற்பார். தந்தையார் சால்வையைச் சற்று உயர்த்துவார். நாம் கையசைத்தோம். எமது பிள்ளைகள் ‘டாட்டா’ காட்டினர். ஆங்கில மழலையர் மொழியிலிருந்து வந்த அச்சொல்லை இன்று தமிழன்று என்று எந்தத் தாயும் எண்ணுவதில்லை. 1990-ல் வண்டி நின்றது. 2014 ஒக்ரோபரில் அது மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபொழுது, பாதையின் இருமருங்கும் நின்றவர் கையசைத்தனர். அது முகமனா, வியப்பா, இறந்தோரை நினைந்த துயரா என்று எந்த இடைச்சொல்லைச் சேர்த்து ஆங்கிலத்தில் எழுதுவது என நாம் அன்று நெடுநேரம் எண்ணினோம். விடை கிட்டவில்லை.

இடைப்பட்ட ஆண்டுகளில் ‘வேவ்’ என்பதன் வேறு சில வழக்குகளை நாம் அகராதியின்றியே கற்றோம். 2002-க்கும் 2006-க்கும் இடையில் ஏ-9 வீதி திறந்திருந்த காலத்து, சாவடிகள் தோறும் வண்டிகள் வரிசையில் நிற்கும். முன்னே நிற்பவரின் கை ஒன்றையே எல்லோரும் நோக்கியிருப்போம். அக்கை ‘செல்’ என்கின்றதா, ‘ஓரமாக நிறுத்து’ என்கின்றதா, ‘இறங்கி வா’ என்கின்றதா? ஆங்கிலத்தில் முதலாவது ‘வேவ் த்ரூ’. மூன்றாவது ‘வேவ் ஓவர்’. இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை அறிவதற்கு அன்று எமக்கு இலக்கண நூல் வேண்டியிருக்கவில்லை. பிழையாகப் படித்துவிட்ட சாரதியொருவர் வண்டியை முன்னே நகர்த்த, பின்னிருந்த நாங்கள் அனைவரும் ஒரே குரலில் அவரை நிறுத்தினோம். நல்ல வேளையாக அன்று ஒன்றும் நிகழவில்லை.

இங்கே சேக்ஸ்பியரை நினைத்தல் பொருந்தும். ஏறக்குறைய 1600-ல் எழுந்த ‘ஹம்லெற்’ நாடகத்தில், முதலாம் அங்கத்தின் நான்காங் களத்தில், தந்தையின் ஆவி மைந்தனைத் தனியிடத்துக்கு அழைக்கின்றது. அதனைக் கண்டு நிற்போருள் ஒருவன் அச்செயலை ‘பெக்கன்’ என்கின்றான். அடுத்தவன் ‘வேவ்’ என்கின்றான். ஹம்லெற்றும் ‘வேவ்’ என்றே சொல்கின்றான். அக்காலத்தில் அச்சொல் இடைச்சொல்லின் துணையின்றியே ‘வா’ என்று பொருள்பட்டது. இக்காலத்து மாணவன், ஆவி விடைபெற்றுச் செல்கின்றது என நினைத்து அவ்விடத்தைப் படித்தால் நாடகமே தலைகீழாகிவிடும். தந்தையின் கை அழைக்கின்றது; ஓடிச் செல்ல முயலும் மகனை நண்பர் பிடித்து நிறுத்துகின்றனர். அக்களத்தின் உயிர் முழுவதும் அந்தக் கையிலே தங்கியுள்ளது.

ஆங்கிலர் இன்று ஒருவரை அழைப்பது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, விரல்களையோ சுட்டுவிரலையோ தம்மை நோக்கி மடக்கி. ஒற்றை விரலால் அழைப்பதை எம்மவர் மரியாதைக் குறைவாகக் கொள்வர். நாம் அழைப்பது உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, நான்கு விரல்களையும் சேர்த்து உள்ளே மடக்கி. யப்பானியரும் அவ்வாறே, இத்தாலியிலுங் கிரேக்கத்திலும் அவ்வழக்கு உண்டு. யப்பானியக் கடைகளில் ஒரு முன்காலை உயர்த்தி அமர்ந்திருக்கும் பூனைப் பொம்மையை இப்போது உலகெங்கும் காணலாம். அது வாடிக்கையாளரை ‘வருக’ என்று அழைக்கின்றது. மேனாட்டார் பலர் அது கையசைத்து முகமன் கூறுவதாக எண்ணுகின்றனர். வழக்கறியாதார்க்கு எமது ‘வா’ அவர்களுடைய ‘போய்வருகிறேன்’ ஆகத் தோன்றும்.

குழந்தையின் செய்தியை இனிக் கூறலாம். எமது மகளின் மகள் இலண்டனிற் பிறந்தவள். மூன்று வயதில் முதன்முறையாக எமது வீட்டுக்கு வந்தாள். படலையடியில் தாயின் கையைப் பிடித்தபடி நின்றாள். நாம் விறாந்தையிலிருந்து எழ முயன்று, எழ இயலாமல், கையை நீட்டி அவளை அழைத்தோம். எமது தாயார் எம்மை அழைத்தவாறே, உள்ளங்கை கீழ்நோக்க, விரல்களை மடக்கி மடக்கி அழைத்தோம். குழந்தை எம்மை ஒரு கணம் உற்றுப் பார்த்தது. பின் தானும் சின்னஞ்சிறு கையை உயர்த்தி, விரல்களை அவ்வாறே மடக்கி விரித்து, “பாய், தாத்தா” என்றது. திரும்பி வண்டியை நோக்கி நடந்தது. நாம் அழைக்க அழைக்க அது இன்னும் மும்முரமாக எமக்கு விடைகொடுத்தது. மகள் சிரித்தாள், அயலவர் சிரித்தனர், நாமுஞ் சிரித்தோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. குழந்தையிடம் குற்றம் ஏதும் இல்லை. அவளுடைய பள்ளியில் அந்த அசைவுக்கு அதுதான் பொருள். எமது கையில் இருந்த சொல்லை நாம் அவளுக்குக் கற்பித்ததில்லை. தொலைபேசியிற் பேசிய மூன்று ஆண்டும், பேச்சு முடியும் வேளையிலன்றி நாம் அவளுக்குக் கை காட்டியதே இல்லை என்பது அன்றிரவுதான் எமக்கு உறைத்தது.

ஸ்ரீவி ஸ்மித் என்னும் ஆங்கிலப் பெண் கவிஞர் 1957-ல் வெளியிட்ட தொகுதியில் ஒரு சிறு பாட்டு உண்டு. நீரில் மூழ்கிக்கொண்டிருந்த ஒருவன் உதவி வேண்டிக் கையை ஆட்டினான். கரையில் நின்றோர் அவன் முகமன் கூறுவதாகக் கொண்டனர் என்பது அதன் பொருள். பன்னிரண்டு வரிகள்தாம். ‘வேவ்’ என்னுஞ் சொல்லைப் பற்றி அகராதிகள் கூறாத ஒன்றை அது கூறிவிடுகின்றது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பழைய மாணவர் ஒருவருக்கு இதனை நாம் எடுத்துரைத்தபொழுது, அவர் சற்று மௌனமாக இருந்து, “எங்கள் பிள்ளைகள் எங்களுக்குக் கையசைப்பதும் எதற்கென்று எப்போதும் தெரிவதில்லை, சேர்” என்றார். மேலே வினவுவது முறையன்று என்று நாம் வேறு பேச்சு எடுத்தோம்.

மொழிபெயர்ப்போருக்கு எமது வேண்டுகோள் ஒன்று உளது. ‘கையசைத்தார்’ என்னும் ஒரே தொடரால் ஆங்கிலத்து ‘வேவ்’ முழுவதையும் மூடிவிட வேண்டாம். தமிழிற் கைக்குச் சொற்கள் குறைவல்ல. ஆரவாரிக்கும் கூட்டத்தைக் கையால் அடக்கியவர் ‘கையமர்த்தினார்’. இத்துணை அழகிய சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேரான ஒரு சொல் இல்லை. அங்கே நான்கு சொற்கள் வேண்டும். இயலாது என்று உணர்த்தியவர் ‘கைவிரித்தார்’. வணங்கியவர் ‘கைகூப்பினார்’. நடக்கையிற் ‘கைவீசினார்’. பிறர் அறியாமல் உணர்த்தியவர் ‘கையாற் சாடை காட்டினார்’. வண்டியை மறித்தவர் ‘கைகாட்டி நிறுத்தினார்’. இவற்றுட் பல இன்று பத்திரிகைகளிற் காணக் கிடைப்பதில்லை. எமது கல்லூரி மாணவருள் எத்துணைப் பேர் ‘கையமர்த்தினார்’ என்பதை அறிவர் என உயர்தர வகுப்பு ஆசிரியர் எவரேனும் ஒரு நாள் வினவிப் பார்ப்பாராக. எமக்கு ஐயம் உண்டு. ஆங்கிலத்தில் இடைச்சொல் இட்டுக் கூறும் நுட்பத்தைத் தமிழ் முழு வினையாக்கிக் கூறுகின்றது. இரண்டையும் அறிந்தவனுக்கே இரண்டின் அழகும் விளங்கும். ஒன்றை மறந்து மற்றையதைக் கற்கலாம் என்று எண்ணுவோர்க்கு இரண்டும் கைகூடா என்பது எமது கருத்து.

குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது. இரண்டு அசைவும் அவளுக்குத் தெரியும். காணொளி அழைப்பில் உள்ளங்கையைக் கீழே திருப்பி “இது வா” என்பாள். மேலே உயர்த்தி “இது பாய்” என்பாள். சென்ற கிழமை எம்மோடு பேசி முடித்தபின், கருவியை நிறுத்த மறந்து எழுந்து சென்றாள். கதவடியில் நின்று திரும்பிப் பார்த்து, விரல்களை மடக்கி மடக்கி ஏதோ காட்டினாள். திரை சிறிது, எமது கண்ணும் மங்கல். உள்ளங்கை எந்தப் பக்கம் இருந்தது என்பது தெரியவில்லை. நாமும் கையை உயர்த்தினோம்.